அரைக் குதிரைவலு

மாவரைத்தல் மனிதகுலத்தின் மிகப் பழைய தொழில்களுள் ஒன்று. நிலத்தை உழுது வித்திடக் கற்பதற்குப் பல்லாயிரம் ஆண்டுகளின் முன்னரே மனிதன் காட்டுப்புல்லின் மணிகளைக் கல்லிடை வைத்துத் தேய்க்கக் கற்றுவிட்டான் என்று தொல்பொருளாராய்ச்சியாளர் கூறுவர். அத்துணைப் பழைய தொழிலை இக்காலத்தில் எவரும் ஒரு தொழிலாகவே எண்ணுவதில்லை. மில்லுக்கு அனுப்பினோம், மா வந்தது, அன்றேல் கடையிலே பொதியாக வாங்கினோம், அவ்வளவே. ஆயினும் எமது இல்லத்தில் 2023 ஆம் ஆண்டிலும் அதற்கடுத்த ஆண்டிலும் மாவரைத்தல் பற்றிய பேச்சே பெரும்பேச்சாயிருந்தது. ஒரு கைம்மில்லுக்கு மோட்டர் பூட்டுவதா, வேண்டாமா என்பதே வழக்கு. வழக்காளிகள் எமது அன்னையாரும் நாமும். நடுவராயிருந்தவர் எமது இல்லாள். தீர்ப்பு வழங்காமலே காலங்கடத்துவதில் அவர் பெரிய நீதிமன்றங்களையும் வென்றுவிட்டார்.

வழக்குக்குரிய பொருளை முதலில் அறிமுகஞ் செய்தல் முறையாகும். அது வார்ப்பிரும்பினாலான மில். மேசை விளிம்பிலே பூட்டத்தக்கது. மேலே புனல்போன்ற ஒரு வாய். அதிலே தானியத்தை இட்டுக் கைப்பிடியைச் சுழற்றினால், உள்ளேயிருக்கும் புரித்தண்டு மணிகளை முன்னே தள்ளிச்சென்று இரண்டு பற்தட்டுக்களின் நடுவே கொடுக்கும். ஒரு தட்டு அசையாது நிற்கும். மற்றது தண்டோடு சேர்ந்து சுழலும். முகப்பிலுள்ள திருகாணியை இறுக்கினால் மா நொய்தாகும், தளர்த்தினால் குறுணலாகும். இதிலே மறைபொருள் எதுவுமில்லை. இதனை எமது பேரனார் 1974 ஆம் ஆண்டிலே பழஞ்சாமான் கடையொன்றில் வாங்கினார். அரிசிக்கும் கோதுமை மாவுக்கும் நாடெங்குந் தட்டுப்பாடு நிலவிய காலம் அது. பாணுக்கு வரிசையில் நின்றவர்கள், குரக்கனையும் மரவள்ளியையும் மீண்டும் நினைத்துக்கொண்டார்கள். மறுவருடம் மணப்பெண்ணாய் வந்த எமது அன்னையாரின் கையில் அம்மில்லின் பிடி ஒப்படைக்கப்பட்டது.

வீட்டில் அதற்கு முன்னரே கல்லுத் திருகை ஒன்றும் இருந்தது. உழுந்து உடைக்கவும் பயறு உடைக்கவும் அதுவே. 1990 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்று, பின்னர் டீசலும் அரும்பொருளாகிவிட, ஊர் மில்கள் ஒவ்வொன்றாய் வாய்மூடின. உரலும் உலக்கையும் திருகையும் மறுபடி அரசோச்சின. இரவிலே வானொலி கேட்பதற்காகத் துவிச்சக்கர வண்டியை நிறுத்திவைத்து ஒருவர் மிதிக்க, அதன் டைனமோவில் உண்டாகிய மின்னிலே செய்தி கேட்டோம். அந்நாட்களில் இளைஞராயிருந்த எவருக்கும் வலு என்பது வெறும் பாடப்புத்தகச் சொல்லன்று. தொடையிலே தெரிந்த பொருள்.

1995 ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30 ஆம் நாள் வலிகாமத்து மக்கள் அனைவரும் ஒரே இரவில் எழுந்து தென்மராட்சி நோக்கி நடந்தபோது, கல்லுத் திருகையைத் தூக்க வழியிருக்கவில்லை. கைம்மில் மட்டும் சாக்கிலே சுற்றப்பட்டு எமது துவிச்சக்கர வண்டியின் பின்னிருக்கையில் ஏறியது. அப்போது எமக்கு வயது 15. இரும்பைச் சுமப்பதிலும் அரிசியைச் சுமந்தால் ஆகாதோ என்று வழியிலே அன்னையாரிடம் வினவினோம். "அரிசி முடியும் தம்பி, இது முடியாது" என்றார். கொடிகாமத்துக்கு அப்பால் நாம் தங்கிய கொட்டிலில் ஆறு குடும்பங்கள் இருந்தன. அறுவருக்கும் அந்த ஒரு மில்லே மா கொடுத்தது. 1996 ஆம் ஆண்டில் வீடு திரும்பியபோது திருகையின் மேற்கல்லைக் காணவில்லை. கீழ்க்கல் இன்றும் கிணற்றடியில் கால் கழுவும் கல்லாய்க் கிடக்கிறது.

இனி வழக்குத் தோன்றிய காரணத்துக்கு வருவோம். எமது தந்தையாருக்கு வயது எண்பதைக் கடந்துவிட்டது. நோயென்று சொல்லத்தக்கது பெரிதாக எதுவுமில்லை; ஆனால் பசியில்லை, பல்லுமில்லை. ஒரு வேளைக்கு ஒரு கிண்ணத்துக்கு மேல் உண்ணமாட்டார். அந்த ஒரு கிண்ணத்தில் எவ்வளவு சத்தைப் புகுத்தலாம் என்பதே அன்னையாரின் நாளாந்தக் கணிதமாயிற்று. அதற்கு அவர் கண்ட விடை முளைக்குரக்கன் கஞ்சி.

இக்கஞ்சியின் சூட்சுமத்தை அறிந்துகொள்வது மாணாக்கருக்கும் பயன்தரும். வெறுங் குரக்கன் மாவைச் சிறிது கூடுதலாக இட்டுக் காய்ச்சினால் கஞ்சி களியாய் இறுகிவிடும், கரண்டி நிற்கும். குரக்கனை ஓரிரவு ஊறவைத்து, நீரை வடித்து, ஈரத்துணியிலே கட்டி ஒன்றரை நாள் வைத்தால் வெண்முளை எட்டிப்பார்க்கும். அப்போது மணியினுள்ளே அமிலேசு என்னும் நொதியம் பெருகும். மாப்பொருளின் நீண்ட சங்கிலிகளை வெட்டிச் சிறு வெல்லங்களாக்குவது அதன் வேலை. முளைத்த மணியை நிழலும் வெயிலுமாய் உலர்த்தி, முளையைத் தேய்த்துச் சுளகிலே புடைத்து, இளஞ்சூட்டில் வறுத்து அரைத்த மாவைக் காய்ச்சினால், இருமடங்கு மா இட்டாலும் கஞ்சி இறுகாது. குடிக்கும் பதத்திலே நிற்கும். வறுக்கும்போது கைமறதியாய்க் கருக விட்டால் நொதியம் அழிந்துவிடும். பிறகு அது வெறும் மாவே. கைக்குழந்தைகளுக்கும் மெலிந்த முதியோருக்கும் இது ஏற்றவுணவு. நீரிழிவுடையோர் குரக்கனென்ற பெயரை மட்டும் நம்பி இதனைக் குடித்தலாகாது. மாப்பொருள் பாதி வழியிலே வெல்லமாகிவிட்டமையால் இரத்தத்தில் விரைந்து ஏறும். அவர்களுக்கு முளைகட்டாத குரக்கனிற் செய்த பிட்டோ ரொட்டியோ அளவாக உண்பதே தக்கது.

2023 ஆம் ஆண்டு மாரியில் அன்னையாரின் வலத்தோள் இறுகிப்போயிற்று. கையை உயர்த்திக் கூந்தலை முடிய முடியவில்லை. பிடியைச் சுழற்றும் வேலையை நிறுத்தினாலன்றித் தோள் இளகாது என்று வைத்தியர் தெளிவாகச் சொல்லிவிட்டார். நாமும் இல்லாளும் மாறிமாறி அரைப்பதாகப் பொறுப்பேற்றோம். ஆனால் காலை நான்கு மணிக்கு எழுபவர் அவர். ஐந்தரைக்கு எழுபவர் நாம். நாம் விழித்து வரும்போது மா அரைத்து மூடியிருக்கும். எவர் அரைத்தது என்று கேட்டால் நேற்றைய மா என்பார். நேற்றைய மாவுக்கு இளஞ்சூடு இராது என்பது அவருக்குந் தெரியும், எமக்குந் தெரியும்.

மில்லுக்குக் கொடுத்தால் என்ன என்று வாசகர் வினவலாம். கொடுத்துப் பார்த்தோம். அருகிலுள்ள ஒரு மில்லில் ஐந்து கிலோவுக்குக் குறைந்தால் ஏற்பதில்லை. எமக்கு வாரத்துக்கு ஒரு கிலோ போதும். முளைமா ஈரத்தை விரைந்து இழுப்பதனால் சிறிது சிறிதாய் அரைத்தலே நன்று. ஒருமுறை ஐந்து கிலோவைத் திரட்டிக் கொண்டுபோனோம். எமக்கு முன் ஒருவர் செத்தல் மிளகாய் அரைத்துச் சென்றிருந்தார். அன்று தந்தையார் ஒரு வாய் அருந்திவிட்டுக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார். பசியற்ற ஒருவர் ஒரு வேளையை இழந்தால் அதனை மறுவேளையில் ஈடுசெய்ய முடிவதில்லை. அன்னையார் எம்மை ஒன்றுஞ் சொல்லவில்லை. கொல்லையிலே போய்க் கிண்ணத்தைக் கழுவினார்.

இந்நிலையிலேதான் இங்கிலாந்தில் வாழும் எமது பழைய மாணாக்கர் ஒருவர், தாம் வீட்டிலே செய்த யந்திரமொன்றின் படத்தை எமக்கு அனுப்பினார். இரண்டு உருக்கு உருளைகள். அவற்றைச் சுழற்ற ஒரு சிறு மோட்டர். மேலே ஒரு வாளி. எதற்கென்று கேட்டால், பார்லியை உடைத்துப் பியர் காய்ச்சுவதற்காம். அந்நாட்டில் 1963 ஆம் ஆண்டிலிருந்து தம் வீட்டுத் தேவைக்குப் பியர் காய்ச்சுவதற்கு அனுமதிப்பத்திரம் வேண்டியதில்லை. ஐக்கிய அமெரிக்காவில் 1978 ஆம் ஆண்டு அவ்வாறான சட்டம் நிறைவேறியது. அவ்விரு நாடுகளிலும் வீட்டுக் காய்ச்சல் ஒரு பெரும் பொழுதுபோக்காக வளர்ந்து, கைமில்லுக்கு மோட்டர் பூட்டுவது அப்பொழுதுபோக்கின் ஒரு கிளைக்கலையாகவே ஆகிவிட்டது. எமது நாட்டில் அனுமதிப்பத்திரமின்றி மது காய்ச்சுதல் மதுவரிச் சட்டப்படி குற்றம். சைவசமயம் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவருக்கு இப்படத்தை அனுப்பலாமோ என்று அவர் அஞ்சியிருக்க வேண்டும். "சேர் மன்னிக்கவும்" என்று ஒரு வரி கீழே எழுதியிருந்தார். மன்னிப்பதற்கு ஒன்றுமில்லை. பார்லியை ஊறவைத்து, முளைகட்டி, உலர்த்தி, உடைத்து, வெந்நீரில் இட்டு அதே நொதியத்தைக் கொண்டு வெல்லமாக்கும் வரையில் அவருடைய கலையும் எமது அன்னையாரின் கலையும் ஒன்றே. அதற்குப் பிறகுதான் பாதை பிரிகிறது. இதனைத் தந்தையாருக்கு விளக்கினோம். வாழ்நாளில் கள்ளின் மணத்தையும் நாடாத அவர் சற்று யோசித்து, "அப்ப நான் குடிக்கிறது பாதி வழியில இறங்கின பியர் எண்டு சொல்லு" என்றார். அவ்வாரத்தில் அவர் பேசிய மிக நீண்ட வசனம் அதுவே.

மாணாக்கரின் யந்திரத்தை அப்படியே பார்த்துச் செய்ய வழியில்லை. அவருக்கு வேண்டியது நொய்ந்த மா அன்று. பார்லியின் உமி சிதையாமல் உள்ளீடு மட்டும் உடைய வேண்டும். உமியே பின்னர் சாற்றை வடிக்கும் படுக்கையாகும். ஆகையால் அவருடைய உருளைகளுக்கிடையே ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றர் இடைவெளி. குரக்கன் மணியே அவ்வளவுதான். அவ்வுருளையில் இட்டால் பெரும்பாலானவை பழுதின்றி மறுபக்கம் விழும். எமக்குப் பற்தட்டு மில்லே பொருந்தும். ஆயினும் அவர் சொன்ன ஒரு சொல் எமக்குப் பெரிதும் உதவியது. "வேகம் வேண்டாம் சேர், முறுக்குத்தான் வேண்டும்" என்பதே அது.

அதன் பொருளை விளக்குவோம். ஒரு குதிரைவலு என்பது 746 உவாற்று. ஒரு மனிதன் களைப்பின்றி நெடுநேரம் செய்யத்தக்க வேலை ஏறத்தாழ 75 உவாற்று. அதாவது பத்திலொரு குதிரை. எமது வீட்டில் உடல் உடைந்து மூலையிலே கிடந்த உழுந்தரைக்கும் யந்திரத்தின் மோட்டர் அரைக் குதிரைவலு. தமிழிலே 'அரை' என்பது பாதியையுங் குறிக்கும், அரைத்தலையுங் குறிக்கும்; இதனினும் பொருத்தமான மோட்டர் உலகில் இல்லை என்று நாம் சொல்ல, இல்லாள் சிரிக்கவில்லை. அரைக் குதிரை ஐந்து மனிதருக்குச் சமன். ஆனால் அது நிமிடத்துக்கு 1,440 முறை சுற்றும். அன்னையார் பிடியைச் சுழற்றியது நிமிடத்துக்கு 60 முறை. மோட்டரை நேரே தண்டிற் பூட்டினால் இரும்புத் தட்டு சூடேறும், மா கருகும், மில்லே உடைந்தும் போகலாம். மோட்டரின் அச்சில் இரண்டங்குலக் கப்பியையும் மில்லின் தண்டில் பதினாறங்குலச் சக்கரத்தையும் வைத்து வாரினால் இணைத்தால் வேகம் எட்டிலொன்றாகிறது: 1,440 ஐ 8 ஆல் வகுக்க 180. வேகம் எட்டிலொன்றாக, முறுக்கு எட்டுமடங்காகும். வேகத்தைக் கொடுத்து முறுக்கை வாங்கும் இவ்வியாபாரத்தில் உராய்வு என்னுந் தரகனுக்கு மட்டும் சிறிது கூலி.

பதினாறங்குல இரும்புக் கப்பியை வாங்கப் போனால் விலை எமது எல்லைக்கு அப்பாற்பட்டது. இவ்விடத்தில் எமக்குக் கைகொடுத்தவர் ஊரிலே கடைச்சல் பட்டறை வைத்திருக்கும் முதியவர் ஒருவர். தொண்ணூறுகளில் மண்ணெண்ணெயிலே மோட்டார் வண்டிகளை ஓடவைத்த கைகள் அவருடையவை. நாம் தாளில் வரைந்து கொண்டுபோன படத்தைத் தலைகீழாய்ப் பிடித்துப் பார்த்துவிட்டு, "மாஸ்ரர், சின்னப் பிள்ளையளின்ர சைக்கிள் றிம் ஒண்டு கொண்டு வாங்கோ" என்றார். இருபதங்குல வண்டியின் றிம் ரயர் நீங்கினால் ஏறக்குறையப் பதினாறங்குலமே. ரயர் இருந்த பள்ளத்திலே வார் அழகாய்ப் படிந்தது. கம்பிகளை அகற்றி, இரும்புத் தகட்டால் நடுவை நிரப்பி, மில்லின் தண்டிலே கைப்பிடி பூட்டும் இடத்துக்குப் பொருந்தும்படி குடமொன்று கடைந்து ஒட்டித் தந்தார். சக்கரத்தை நிறுத்துவது கைப்பிடியை நிறுத்திய அதே திருகாணி. எந்தப் பக்கம் சுற்றவேண்டும் என்பதையும் அவரே முதலிற் கேட்டார். மாறிச் சுற்றினால் புரித்தண்டு தானியத்தை உள்ளே தள்ளாது, வெளியே தள்ளும். மோட்டரின் தொடக்கச் சுருளின் இரண்டு வயர்களை இடம் மாற்றிவிட்டால் சுழற்சி மாறும் என்று மின்வேலைக்காரர் ஐந்து நிமிடத்தில் முடித்தார்.

மோட்டரை நாம் பலகையிலே இறுக்கிப் பூட்டவில்லை. ஒரு பனம்பலகையைப் பிணைச்சலிலே தொங்கவிட்டு அதன்மேல் மோட்டர் அமர்ந்திருக்கிறது. அதன் பாரமே வாரை இழுத்துப் பிடிக்கும். குரக்கனோடு ஒரு சிறு கல் சேர்ந்து தட்டுக்களிடையே சிக்கிவிட்டால் மில் நிற்கும், வார் வழுக்கும், மோட்டர் பழுதின்றிச் சுற்றிக்கொண்டிருக்கும். பற்சக்கரமோ சங்கிலியோ பூட்டினால் இவ்வருள் கிடையாது. வாருக்கும் சக்கரத்துக்கும் முழு மூடி போட்டோம். சேலைத் தலைப்பு, கூந்தல், பிள்ளைகளின் விரல் ஆகிய மூன்றும் சுழலும் யந்திரத்தின் இயற்கைப் பகைகள். உடலிரும்புக்குப் புவித்தொடுப்பு உண்டு. வீட்டிலே ட்ரிப் சுவிச்சும் உண்டு. இன்னுமொன்றை வலியுறுத்திச் சொல்வோம். மின் தடைப்பட்டு மீண்டும் வரும்போது யந்திரம் தானாகத் தொடங்கலாகாது. தடைப்பட்டதும் விழுந்துவிடும் காந்தச் சுவிச்சொன்றை இதற்கெனவே வாங்கிப் பூட்டினோம். இருளிலே ஒருவர் மில்லின் வாயைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது மின் வந்தால் என்னாகும் என்பதை நினைத்துப் பாருங்கள்.

மாத்தூள் பறக்கும் இடத்திலே அடுப்பெரிதலும் ஆகாது. 1878 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மினியாப்பொலிஸ் நகரத்துப் பெரிய மாவாலையொன்று மாத்தூள் தீப்பற்றி வெடித்து 18 பேர் மாண்டனர். வீட்டு மில்லிலே அவ்வளவு தூள் எழாதென்பது மெய்யே. ஆயினும் நாம் மில்லைக் குசினியில் வைக்காது விறாந்தையிலே வைத்தோம்.

இவையெல்லாம் எளிதாய் நடந்தன. அன்னையாரைச் சம்மதிக்கச் செய்தலே கடினம். அவர் கூறிய தடைகள் மூன்று. சூட்டிலே மாவின் மணம் கெடும் என்பது முதலாவது. சத்தத்திலே தந்தையாரின் நித்திரை கெடும் என்பது இரண்டாவது. மின்சாரம் நின்றால் என்ன செய்வாய் என்பது மூன்றாவது. மூன்றாவது தடைக்கு எம்மிடம் எதிர்வாதமில்லை. 2022 ஆம் ஆண்டு மார்ச்சு மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் மின் தடைப்பட்டதை எவர் மறப்பர்? 1990 ஐக் கண்டவர் 2022 ஐயுங் கண்டால், மின்சாரத்தை விருந்தினராகவே மதிப்பார். வீட்டு மனிதராக மதிக்கமாட்டார். ஆகவேதான் கைப்பிடியின் இடத்திலேயே சக்கரத்தைப் பூட்டச் செய்தோம். திருகாணியைக் கழற்றிச் சக்கரத்தை உருவிக் கைப்பிடியை மாட்ட இரண்டு நிமிடம் போதும். கைப்பிடியை மில்லின் அருகிலே ஆணியொன்றில் தொங்கவிட்டு அவருக்குக் காட்டினோம். அதனைக் கண்ட பிறகே அவர் முகம் சிறிது இளகியது.

நான்காவது தடையொன்றும் இருந்தது. அதனை அவர் சொல்லவில்லை, இல்லாளே எமக்குச் சொன்னார். விடிகாலையில் மாவரைக்கும் அந்த அரைமணி நேரம் அவர் பதிகம் பாடும் நேரம். பிடியின் சுற்றுக்கும் பதிகத்தின் நடைக்கும் ஒரு பொருத்தமுண்டு. மணமாகி வந்த நாள்முதல் வீட்டிலே எவரும் விழித்தெழாத, எவரும் எதுவுங் கேட்காத நேரம் அது ஒன்றே. "மாமிக்கு மா மட்டும் இல்லை அது" என்றார் இல்லாள். ஈராயிரம் ஆண்டுகளின் முன் நீராலை வந்தபோது கிரேக்கப் புலவரொருவர், மாவரைக்கும் பெண்களே, இனி விடியும்வரை உறங்குங்கள் என்று மகிழ்ந்து பாடியதாகப் படித்திருக்கிறோம். அப்பெண்கள் உறங்கினார்களா என்பதைப் பற்றி அப்புலவர் ஒன்றுஞ் சொல்லவில்லை. ஆயினும் தோள் தோளே. பதிகத்தைக் கையிலே பிடியில்லாமலும் பாடலாம். தோள் முற்றாய் இறுகிவிட்டால் தந்தையாரை எழுப்பி இருத்தவும் கஞ்சி ஊட்டவும் எவரால் இயலும்? இதனை நாம் எடுத்துச் சொன்னோம். அவர் ஆமென்றுஞ் சொல்லவில்லை, இல்லையென்றுஞ் சொல்லவில்லை. கைம்மில்லை மேசையிலிருந்து கழற்றியபோது தடுக்கவுமில்லை.

2024 ஆம் ஆண்டு விசயதசமி நாளன்று யந்திரத்தைத் தொடங்கினோம். மோட்டருக்குத் திருநீறும் சந்தனமும் இட்டவர் அன்னையாரே. தட்டுக்களைத் துப்புரவாக்க முதலில் ஒரு பிடி பச்சையரிசியை ஓட்டி, அம்மாவைக் கோழிக்குப் போட்டோம். பிறகு முளைக்குரக்கன். முதற் சுற்றிலே திருகாணியைத் தளர்வாய் வைத்துக் குறுணலாக உடைத்து, இரண்டாஞ் சுற்றிலே இறுக்கி அரைத்தல் வேண்டும். ஒரேயடியாய் இறுக்கினால் சூடேறும். அன்னையார் மாவிழும் வாயின் கீழே உள்ளங்கையை நீட்டிப் பிடித்தார். நாம் வெப்பமானியொன்றையும் ஆயத்தமாய் வைத்திருந்தோம். அதற்கு வேலை வரவில்லை. "சூடில்லை" என்றார். பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே மாவை நசித்துப் பார்த்து, "இன்னும் அரைப்புரி இறுக்கு" என்றார். அரைப்புரி இறுக்கினோம். ஒரு கிலோவைக் கையாலே அரைக்க அவருக்கு நாற்பது நிமிடம் செல்லும். மோட்டருக்குப் பதினைந்து நிமிடம். செலவு ஒரு மின்னலகிலே பத்திலொரு பங்கு. ஒடியலை மட்டும் அது கடிக்காது. அதனை உரலிலே இடித்துச் சிறுதுண்டாக்கிய பின்னரே கொடுக்கவேண்டும். அதற்கு எமது கைகள் இருக்கின்றன.

முதற் கிழமைகளில் அன்னையார் நான்கு மணிக்கு எழுந்து விறாந்தையிலே சும்மா அமர்ந்திருப்பதைக் கண்டோம். யந்திரத்தை ஆறு மணிக்கு முன் இயக்குவதில்லை என்பது தந்தையாரின் நித்திரைக்காக அவர் விதித்த கட்டளை. ஆகையால் அந்நேரம் அவருக்கு வெறும் நேரமாய்ப் போயிற்று. பதிகம் கேட்கவில்லை. இதற்கு எம்மிடம் கப்பியுமில்லை, வாருமில்லை. மார்கழி பிறந்த பின் ஒரு நாள் விடிகாலையில் மீண்டும் பதிகம் கேட்டது. எழுந்து போய்ப் பார்த்தோம். முதல்நாள் அரைத்த மாவை மடியிலே அரிதட்டு வைத்து இடக்கையால் தட்டித்தட்டி அரித்துக்கொண்டிருந்தார். முன்பு அரைத்த கையோடு அரித்துவிடுவது வழக்கம். இப்போது அரிப்பதை மட்டும் மறுநாள் விடியலுக்கென்று ஒதுக்கி வைக்கிறார். அரிதட்டின் தாளம் பிடியின் தாளத்திலும் விரைவானது. பதிகமும் சிறிது விரைந்தே நடக்கிறது.

தோள் முற்றாய் இளகவில்லை. ஆயினும் கூந்தலைத் தாமே முடிகிறார். தந்தையார் ஒரு கிண்ணமே உண்கிறார், அது குறையவில்லை. இதற்கிடையே செய்தி அயலுக்குப் பரவிவிட்டது. கைக்குழந்தையுள்ள வீடுகளிலிருந்து இளந்தாய்மார் ஒரு கொத்து, அரைக்கொத்து என்று முளைக்குரக்கனைக் கொண்டு வருகின்றனர். முளை போதுமா, வறுவல் மிஞ்சியதா என்று ஒவ்வொரு பெட்டியிலும் கையை விட்டு மணந்து பார்த்து, நன்றாயில்லாததைத் திருத்திச் செய்யும் வகையையுஞ் சொல்லி அனுப்புகிறார் அன்னையார். சனிக்கிழமை மாலைகளில் எமது விறாந்தை நடக்க இடமில்லாது போகின்றது. விடைத்தாள் திருத்த நாம் மாமரத்தடிக்குக் கதிரையைக் கொண்டு செல்கிறோம். கூலி வாங்குவதில்லை. மிளகாய் கொண்டு வருவோரை மாத்திரம் படலையிலேயே திருப்பி அனுப்பிவிடுகிறார்.